கம்பியில் தொங்கியபடி கால்விரல்களால் கம்பியைத் தொடுவது எப்படி? ஆறு மாதமாக முயன்றும் கால்கள் இடுப்புயரத்தைத் தாண்டவில்லை.

நீங்கள் நிற்கும் அதே இடத்தில் நானும் ஏறத்தாழ நான்கு மாதம் நின்றேன். வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், புல்லப்ஸ் (கைகளால் உடலை மேலே இழுக்கும் பயிற்சி) செய்யும் கம்பியில் பழகியபோது எனக்கு வயது 38. கால்கள் இடுப்புக்கு நேராக வந்து நின்றுவிடும். அதற்கு மேல் எழுப்ப முயன்றால் உடல் முழுவதும் ஊஞ்சல்போல ஆடத் தொடங்கிவிடும்.

வயிற்றுக்கு வலு போதவில்லை என்று எண்ணித் தினமும் கூடுதலாகக் கால்களைத் தூக்கிக்கொண்டிருந்ததுதான் நான் செய்த தவறு. உண்மையில், தொடையைத் தூக்குவது வயிற்றின் முன்தசை அன்று; கீழ்முதுகெலும்பிலிருந்து இறங்கித் தொடையெலும்பில் சேரும் இடுப்புத் தசைகளே அந்த வேலையைச் செய்கின்றன. முன்தசை விலா எலும்புகளுக்கும் இடுப்பெலும்பின் முன்பகுதிக்கும் இடையில் இருப்பது, தொடையை அது எட்டுவதே இல்லை; இடுப்பெலும்பை நெஞ்சை நோக்கிச் சுருட்டுவதே அதன் வேலை. ஆகவே கால்கள் இடுப்புயரத்தைத் தாண்ட வேண்டுமானால், இடுப்பெலும்பே நெஞ்சை நோக்கிச் சுருண்டு எழ வேண்டும்.

இந்தச் சுருட்டலைத் தரையில்தான் கற்றுக்கொண்டேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பின் பின்வளைவுக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். கை தரையோடு நசுங்கும்படி முதுகை அழுத்திய பின்பு கையை எடுத்துவிட்டு, வால் எலும்பு தரையைவிட்டு நான்கு விரற்கடை எழும் வரை முழங்கால்களை நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். காலை வீசாமல் இதைப் பத்து முறை செய்ய முடிந்த பிறகு, கம்பியில் தொங்கி, முழங்கால்களை மடக்கியபடியே அதே சுருட்டலைப் பழகலாம்.

அடுத்தது தோள், பலரும் கவனிக்காத இடம் இதுதான். காதோடு தோள் ஒட்டும்படி தளர்ந்து தொங்கினால் ஆட்டம் நிற்காது. தோள்களைக் கீழே இழுத்து, முழங்கையை மடக்காமல், கம்பியைத் தொடையை நோக்கி அழுத்துவதுபோல முதுகின் பக்கத் தசைகளை இறுக்குங்கள்; மேலுடல் சற்றே பின்னே சாய, கால்கள் மேலேறுவதற்கு இடம் கிடைக்கும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது இறக்கும் பயிற்சி. முழங்கால்களை மடக்கிப் பாதங்களைக் கம்பிவரை கொண்டுபோய், அங்கே கால்களை இயன்றவரை நீட்டி, ஐந்து எண்ணும் நேரம் மெதுவாக இறக்குவேன். கீழே வந்ததும் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைத் தொடங்குவேன். ஒரு சுற்றுக்கு மூன்று முறை, மொத்தம் மூன்று சுற்றுகள், வாரத்தில் மூன்று நாள்கள் என்பதே என் கணக்கு. தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் முழங்கால் சற்று மடங்கியே வரும். தரையில் கால் நீட்டி அமர்ந்து விரல்களைத் தொடும் பழக்கத்தைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முதுகிலோ தோளிலோ குத்தும் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், வலி விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூங்காக் கம்பியில் விடியற்காலையில் பனி ஈரம் படிந்திருக்கும் என்பதால், ஒரு பழைய துண்டால் துடைத்துவிட்டுத் தொங்குங்கள். இந்தப் பயிற்சியைப் புல்லப்ஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு செய்தபோதெல்லாம், வயிறு தளர்வதற்கு முன்பே என் கைப்பிடி நழுவிவிட்டது.