பார்த்துக்கோ

அன்புள்ள ஐயா,

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. துணி உலர்த்தப் போன அம்மா, "தம்பியப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி குளியலறை வாளியில் தலைகுப்புற விழுந்துவிட்டான். திரும்பி வந்த அம்மாதான் தூக்கினார். சத்தமே கேட்கலை என்று அழுதேன், யாரும் நம்பவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அம்மா இன்றும், "இவ பாத்துக்கிட்ட லட்சணம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். போன வாரம் என் மகளிடம் நானே அதே "தம்பியப் பாத்துக்கோ"வைச் சொன்னேன். அக்காவுக்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த வாளி. இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் தலை கனம். எட்டிப் பார்த்துச் சரிந்தால் ஊன்றி எழப் பலம் போதாது. முகம் முங்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். மூச்சு விட முடிந்தால்தானே கத்துவதற்கு? நீங்கள் அன்று சொன்னது உண்மை.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பார்பரா மொரொஞ்சியெல்லோ என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார். அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்ளும்போது சின்னதுகளுக்கு அடிபடும் ஆபத்து கூடுகிறது. பெரியவள் அம்மா அளவுக்குக் கவனிக்க முடியாதது பாதிக் காரணம். அவள் பேச்சைச் சின்னது கேட்காதது மீதி. அதிகாரம் கிடையாது, பழி மட்டும் உண்டு. என்ன உத்தியோகம் இது!

நான் வீட்டில் கடைக்குட்டி. அண்ணனுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். சாலையைக் கடக்கும்போது என் விரலைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். வியர்த்த விரல் நழுவிவிடுமாம். அந்தப் பக்கம் போனபின் பார்த்தால் அவர் பிடித்த இடம் வெளுத்திருக்கும், அப்புறம் சிவக்கும். எனக்குக் கோபமாக வரும். ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒருநாள் சொன்னார்: "எனக்குக் கால் நடுங்கும்டா. எந்த வண்டி என்ன வேகத்துல வருதுன்னே தெரியாது." எட்டு வயதில் எப்படித் தெரியும்? வேகத்தைக் கணிக்கிற திறன் அந்த வயதில் முழுதாக வந்திருக்காது.

சரி, மகளுக்குப் பொறுப்பே வேண்டாமா? கொடுங்கள், அளந்து கொடுங்கள். 'பார்த்துக்கோ' என்பதில் எதைப் பார்ப்பது, எதுவரை பார்ப்பது என்று ஒன்றுமில்லை. "தம்பி குளியலறைப் பக்கம் போனா என்னைக் கூப்பிடு" என்றால் அவளால் முடியும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளம், ஆறு என்றால் தானே இறங்கித் தூக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தம்பியைப் பிடிக்கப் போய் அக்காவும் சேர்ந்து போன வீடுகள் உண்டு. வாளியைக் கவிழ்த்து வைப்பதும் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுவதும் உங்கள் வேலை.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அன்று விட்டுவிட்டுப் போனது யார் என்பது அவருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பு அதை மூடத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை வேண்டாம். அடுத்த தடவை சொன்னால், "அப்போ எனக்கு ஒன்பது வயசும்மா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.