காது கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

கேள்வி: என் மாமியாருக்கு 71 வயது, எங்களோடுதான் இருக்கிறார். காலிங் பெல், குக்கர் விசில், தெருவில் போகிற கீரைக்காரம்மாவின் குரல் எல்லாம் அவருக்குக் கேட்கிறது. நான் பேசினால் மட்டும் "என்ன? என்ன?" என்கிறார். சத்தமாகச் சொன்னால் "ஏம்மா கத்துற?" என்று கோபம். என் கணவர் பேசினால் உடனே பதில் வருகிறது. வேண்டுமென்றே செய்கிறாரா, இல்லை மறதி நோயின் ஆரம்பமா? ஆன்லைனில் காது மெஷின் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தேகத்தாலேயே பல வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களும் (மணி கேட்கும், பேச்சு புரியாது, கத்தினால் எரிச்சல்) வயதால் வரும் செவித்திறன் குறைவில் சேர்ந்தே வருபவை.

உள்காதில் நத்தை ஓடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிரணுக்கள். நுழைவாயிலுக்கு அருகில் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும், உள்ளே தள்ளி இருப்பவை கனத்த ஒலிகளையும் பிடிக்கின்றன. வயதானால் முதலில் கெடுவது வாசல் பக்கத்து அணுக்கள். கெட்டவை மறுபடி முளைப்பதில்லை.

பேச்சில் சத்தத்தைக் கொடுப்பது உயிரெழுத்துகள். ஆ, ஓ, ஊ எல்லாம் கனமான ஒலிகள், தூரத்திலிருந்தும் கேட்கும். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதோ பெரும்பாலும் மெய்யெழுத்துகள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது கீச்சென்ற பக்கத்தில், மெல்லிய ஒலியாக இருக்கிறது. பத்து, பட்டு, பற்று மூன்றையும் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு கணம் மட்டுமே வித்தியாசம். அந்தக் கணம்தான் உங்கள் மாமியாருக்குப் போய்ச் சேரவில்லை. யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகவே கேட்கிறது. உங்கள் கணவரின் குரல் கனமானது, அதனால் தப்பிக்கிறது. பெண்கள், குழந்தைகள் குரல் உயர்ந்தது, மெல்லியது. பேரப்பிள்ளைகள் சொல்வதும் அவருக்குப் பிடிபடுவதில்லையா என்று கவனியுங்கள். (மகன் பேச்சு மட்டும் காதில் விழுகிறது என்ற குற்றச்சாட்டில் பாதி இயற்பியல். மீதிப் பாதி எனக்குத் தெரியாது, அது உங்கள் வீட்டு விவகாரம்.)

இனி மூளைக்கு வருவோம். காது அனுப்பும் செய்தி மூளைத்தண்டு வழியாக, காதுக்குச் சற்று மேலே இருக்கும் பொட்டு மடல் என்ற மூளைப் பகுதிக்குப் போகிறது. அதன் பின்பகுதி கெட்டால் பேச்சு காதில் விழுந்தும் பொருள் புரியாமல் போகும் என்று ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-இல் விளக்கினார். இன்று தெரிந்தவரை, ஒரே ஓர் இடம் அந்த வேலையைச் செய்வதில்லை. பல பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன, பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம் அதிகமாக.

நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. "என்னபண்ணிட்டிருக்கீங்க" என்று ஒரே ஓட்டமாகத்தான் வருகிறது. விநாடிக்கு நாலைந்து அசை வீதம் ஓடும் அந்த ஒலியை மூளைதான் சொற்களாக வெட்டுகிறது. அடுத்து என்ன வரும் என்ற ஊகமும் கூடவே ஓடுகிறது. 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தின் ஒலியை மட்டும் வெட்டி, அங்கே இருமல் சத்தத்தை வைத்துக் கேட்கச் செய்தார். கேட்டவர்கள் விடுபட்ட ஒலியும் காதில் விழுந்ததாகவே சொன்னார்கள். இல்லாததை மூளை நிரப்பிவிட்டது. மாநகரப் பேருந்தில் அவ்வளவு இரைச்சலிலும் கண்டக்டர் சொல்லும் நிறுத்தம் நமக்குப் புரிவது இப்படித்தான். எந்த வழித்தடம், அடுத்து எது என்று நமக்கு முன்பே தெரியும்.

உங்கள் மாமியார் நாள் முழுக்க இந்த வேலையைச் செய்கிறார். பாதிக் கட்டம் காலியாக இருக்கும் குறுக்கெழுத்தை, யாரோ அவசரப்படுத்திக்கொண்டே இருக்கும்போது நிரப்புவது மாதிரி. சாயங்காலம் சோர்ந்து போவார், கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் பேச்சும் கலக்கும்போது ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்த்துத்தான் வீட்டில் மறதி நோயோ என்று பயப்படுகிறார்கள்.

கத்துவதால் ஏன் பயனில்லை? கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெருகுகின்றன, மெய்யெழுத்து மேலும் மூழ்குகிறது. தவிர, கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலி மட்டும் நமக்குக் கேட்கிற அதே வேகத்தில் போய் அடிக்கும். அவர் கோபம் நியாயமானது. அதற்குப் பதிலாக முதலில் பெயர் சொல்லியோ "அத்தை" என்றோ கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு, முகம் தெரிய நின்று, சற்று நிதானமாகப் பேசுங்கள். உதட்டசைவையும் மூளை ஒலியோடு சேர்த்தே படிக்கிறது. மிக்ஸி, டிவி ஓடும்போது அடுத்த அறையிலிருந்து பேச வேண்டாம். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்: "சாப்பிட்டீங்களா?" புரியாவிட்டால் "இட்லி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

மறதி நோய் பற்றி: சொன்னது புரியாததும், புரிந்ததை மறப்பதும் வேறு. எழுதிக் காட்டினால் சரியாகப் பதில் சொல்கிறாரா, பணக்கணக்கு, மாத்திரை நேரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் தடுமாற்றம் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவு மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பதும் உண்மை. அதனால் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் நேற்று வரை நன்றாகப் பேசியவருக்கு திடீரென்று பேச்சு புரியாமல் போனாலோ, வாய் குழறினாலோ, கோணினாலோ, அதைக் காதுப் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

மெஷினை ஆன்லைனில் வாங்காதீர்கள். விலை மலிவான பல கருவிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குபவை, நீங்கள் கத்துவதை எந்திரம் கத்தும், அவ்வளவுதான். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில நேரம் காதுக் குறும்பி அடைத்திருந்தாலும் கேட்பது குறையும். வில்லிவாக்கத்திலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆடியோகிராம் (செவித்திறனை அளக்கும் சோதனை) எடுக்கும்போது, தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லவைக்கும் பேச்சுச் சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள், உங்கள் மாமியாரின் பிரச்சினை அதில்தான் தெரியும். இரண்டு காதிலும் குறைவு இருந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் மெஷின் சொல்வார்கள். செலவுதான். ஆனால் இரைச்சலுக்கு நடுவே எந்தக் குரல் எந்தப் பக்கம் என்று மூளை பிரிப்பது, இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் மிகச் சிறிய நேர வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்துத்தான்.

மாட்டிய முதல் வாரம் ஃபேன் சத்தம், பேப்பர் புரட்டும் சத்தம் எல்லாம் தொல்லையாக இருக்கும், மூளை அவற்றை மறந்து பல வருடம் ஆகியிருக்கும். பல மெஷின்கள் இந்தக் கட்டத்தில்தான் பீரோவுக்குள் போகின்றன. ஆரம்பத்தில் அமைதியான அறையில் தினமும் சில மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, அப்புறம் நேரத்தைக் கூட்டுங்கள். பொருத்திக் கொடுத்தவரிடமே ஓரிரு முறை திரும்பப் போய் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும், வாங்கும்போதே அதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.