பேரனைப் பள்ளிக்கு அனுப்புங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் வசிக்கிறேன். கணவர் மெக்சிகோ வம்சாவளியினர். மாமியாருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். சர்க்கரை நோய் முற்றிவருகிறது. மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டில் மாத்திரையைத் தவிர்த்து நோபால் கள்ளிச் சாறு குடிக்கிறார். மாமனார் இறந்த அதிர்ச்சியால் வந்த நோய் என்கிறார். கணவருக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. நல்லவேளையாக, பதினொரு வயது மகன் உடன் சென்று மொழிபெயர்த்துவிடுகிறான். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பிடிவாதம் இருக்கட்டும். ‘நல்லவேளையாக’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதை ஒரு பாட்டி பேரனின் வாய்வழியாகவா சொல்வார்? சிறுநீரகம் பழுதாகலாம் என்று மருத்துவர் எச்சரித்தால், பாட்டி பயந்துவிடுவாரே என்று அதைப் பாதியாகக் குறைத்துச் சொல்வதுதான் பாசமுள்ள பிள்ளையின் இயல்பு. 1980இல் ஃப்ளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் குடும்பத்தார், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்ஸிகாதோ’ என்றதை, ஒலி ஒத்த ஆங்கிலச் சொல்லாகக் கருதி, போதைப்பொருள் உட்கொண்டார் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூளையில் ஏற்பட்டிருந்த இரத்தக்கசிவு கவனிக்கப்படாமல் போய், அவருக்குக் கை கால்கள் செயலிழந்தன. பெரியவர்கள் பேசியே அப்படி ஆனதென்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை என்ன சொல்வது?

உங்கள் மாமியார் தலையாட்டுவது இணக்கமும் அன்று, பிடிவாதமும் அன்று. மருத்துவரைக் குறுக்கிட்டுக் கேட்பது மரியாதையன்று என்று வளர்ந்தவர்களின் பழக்கம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் பார்க்காததா? அதிர்ச்சியால் நோய் வருமென்ற நம்பிக்கைக்கு அவர்கள் மொழியில் ‘சுஸ்தோ’ என்று பெயரே உண்டு. சிரிப்பார்களோ என்று அதை மறைப்பவர், கள்ளிச் சாற்றையும் மறைப்பார். மாத்திரையும் அந்தச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுமீறி இறங்கக்கூடும் என்பதால், மருத்துவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர வேறெப்போதும் சிறுவரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது, ‘ஒபாமாகேர்’ எனப்படும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் வந்துள்ள விதி. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். நேரில் ஆள் இல்லையென்றால் தொலைபேசியிலோ காணொளியிலோ ஏற்பாடு செய்வார்கள்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: தாய்க்காக மகன் விடுப்பு எடுக்க முடியாமல் பேரன் பள்ளிக்கு மட்டம் போடுவது எனக்குச் சினமூட்டுகிறது. அவர் மொழிபெயர்க்க வேண்டாம். மகனாக அருகில் உட்கார்ந்தால் போதும். மருத்துவர் சொன்னதைத் தாயே தன் மொழியில் திருப்பிச் சொல்லும்வரை இருவரும் அந்த அறையை விட்டு எழக்கூடாது.