எல்லார் பாட்டிலிலும் ஊற்றினேன், ஒருவரைத் தவிர

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 46 வயது. எங்களுடையது குமரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கு. கணவர் எலக்ட்ரீஷியன். நான் வீட்டிலேயே தைக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நர்சிங், இளையவள் பிளஸ் ஒன்.

கோயிலில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. பதினோரு வருடமாக ஏழாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். எங்கள் தெருவில் 28 வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழுவான அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். செவ்வாய்க்கிழமை யார் வீட்டில் செபம், யார் வாசகம் வாசிப்பது, யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருக்கிறேன், மாதம் இரண்டு வீடாவது போய்ப் பார்ப்போம். திருவிழா வந்தால் கொடியேற்றத்திலிருந்து தேர் வரை வீட்டில் அடுப்பு எரிவதே மாமியார் புண்ணியத்தில்தான். ஃபாதருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்றால் முதலில் என் போன்தான் அடிக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் கணவரின் அண்ணன் வீட்டோடு எங்களுக்கு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. பாகம் பிரித்தபோது, எல்லையில் நின்ற சக்கை (பலா) மரம் இரண்டு வீட்டுக்கும் பொது என்றுதான் முடிவு. மாமனார் வைத்த மரம். நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் பார்த்து அதை வெட்டிவிட்டு மதில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது வானம் (அஸ்திவாரம்) தோண்டி, கல்லும் அடுக்கியாகிவிட்டது. அரை அடியாவது எங்கள் பக்கம் தள்ளித்தான் வந்திருக்கிறது. பத்திரத்தில் ஒன்று, தரையில் ஒன்று. பெரியவர்களை வைத்துப் பேசினோம், பங்குப் பேரவையிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தால் மதிலில் வடியும் தண்ணீர் எங்கள் படியில் வந்து நிற்கிறது. அந்தச் சண்டையில் மைனி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, ஒரு வார்த்தையும் சொன்னார், ஆம்பளப் பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்கு இவ்வளவு இடம் என்று. சரி, அதை விடுங்கள்.

மைனியும் எங்கள் அன்பியம்தான். வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மன்றாட்டு சொல்லும் நேரத்தில் நான், அடுத்தவர் நிலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று மன்றாடினேன். எல்லாரும் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்றார்கள். மைனியும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் செபத்துக்கு வரவில்லை.

இந்த ஜனவரி 14 அன்று, புனித தேவசகாயம் திருநாளுக்கு அன்பியத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். முதலில் நட்டாலம், அப்புறம் புலியூர்குறிச்சியில், கைதியாக இருந்த அவர் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை, கடைசியில் காற்றாடிமலை. பாறையில் வழக்கம்போல நான்தான் முன்னே நின்று எல்லாருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். மைனி நீல மூடி போட்ட ஒரு பாட்டிலை நீட்டினார். பேசவில்லை, நீட்டினார், அவ்வளவுதான். நான் பார்க்காதது போல அவருக்குப் பின்னால் நின்ற பாட்டியின் பாட்டிலை வாங்கினேன். அவர் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். அப்புறம் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி இளையவள் கேட்டாள்: “தாகத்துக்குத் தண்ணி கிடைக்காத ஒருத்தரோட இடத்துல நின்னுக்கிட்டு பெரியம்மாவுக்குத் தண்ணி குடுக்கல. ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளைங்களுக்கு என்னம்மா சொல்லிக் குடுப்பீங்க?” நான் அவளை அடித்துவிட்டேன். அவளை அடித்துப் பல வருடம் ஆகிறது.

இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கப் போகவில்லை. பாடகர் குழுவோடு நிற்பதால் யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை நான்தான் நடத்துகிறேன். இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கா வரும் ஆறாம் நிலையில் குரல் அடைத்துக்கொள்கிறது. அன்று பிடித்த கேன் தண்ணீர் திருஇருதயப் படத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாமா? நான் வேஷக்காரியா அம்மா?

பெயர் வேண்டாம்.


அன்புள்ள சகோதரிக்கு,

வேஷம் போடுகிறவர்கள் நீல மூடியை ஞாபகம் வைத்திருப்பதில்லை. அந்தச் சொல்லை முதலில் தள்ளி வையுங்கள். அது உங்களை அழவைக்கத்தான் பயன்படும், அடுத்து என்ன செய்வது என்பதற்கு உதவாது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மரம், வானம், அரை அடி, படியில் நிற்கும் தண்ணீர் என்று மதிலுக்கு ஒரு பத்தி முழுக்க கொடுத்திருக்கிறீர்கள். மைனி சொன்ன வார்த்தைக்கு ஒரே வரி. உடனே ‘சரி, அதை விடுங்கள்’. மூன்று வருடமாக நீங்கள் விடாமல் வைத்திருப்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மதில் அளந்து தீர்க்கக்கூடிய விஷயம். பணம் கட்டி மனுக் கொடுத்தால் சர்வேயர் வருவார், புல வரைபடத்தை வைத்து அளப்பார். அரை அடி உங்களுடையது என்றால் கேட்டு வாங்குங்கள். மன்னித்தால் இடத்தையும் விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அந்த வார்த்தைக்கு சர்வேயர் கிடையாது. அதை உங்கள் கணவரிடம், சொன்னது சொன்னபடி, சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இடத்துக்காகச் சண்டை போட்டால் ஊர் நியாயம் கேட்கும். ‘பையன் இல்லை என்று சொல்லிவிட்டாள்’ என்று அழுதால், போகட்டும் விடு என்பார்கள். அதனால் வலியை மதிலின் மேல் ஏற்றிவைத்துச் சுமந்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பெண்கள் பலர் இப்படித்தான், நகைக்கும் பாத்திரத்துக்கும் நடந்த சண்டையை ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத கோபம் வீட்டில், நம்மை விட்டுப் போகமாட்டார்கள் என்று நமக்குத் தெரிந்தவர்கள் மேல் விழும். அடி வாங்கிய பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். மைனி சொன்ன அந்த வார்த்தை அவளைப் பற்றியதும்தான். அப்படியிருந்தும் பெரியம்மாவின் பாட்டிலைக் கவனித்தது அவள்தான். இன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் எதுவும் சேர்க்க வேண்டாம், அடித்தது தப்பு என்று மட்டும்.

இனி கோயில் வேலை. வேலையாக ஓடிய மார்த்தா, இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியா என்ற கதையைச் சொல்லி உங்களை உட்கார வைக்கப் போவதில்லை. அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாப்பாடு பரிமாறி முடிந்த பிறகு சொல்கிறவர்கள். நீங்கள் செய்வது பொய்யான சேவை இல்லை. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிற ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை. ஆனால் ஒரு இடம் வலிக்கும்போது நாம் அந்தப் பக்கம் போகாமலிருக்க மற்ற எல்லா இடத்துக்கும் ஓடுவோம். 27 வீட்டுக்கு ஓடினால் 28ஆவது வீடு மறைந்துவிடும் என்று ஒரு கணக்கு. ஊரும் பாராட்டும், கணக்கு சரி என்றே தோன்றும்.

சீடத்துவம் என்றால் நாம் கோயில் பக்கம்தான் பார்க்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் புனிதத்தைப் பற்றி உலகம் முழுவதற்கும் எழுத உட்கார்ந்தபோது, சந்தைக்குப் போகும் ஒரு பெண்ணை உதாரணம் காட்டினார். வழியில் தெரிந்தவள் புறணி பேசத் தொடங்குகிறாள், இவள் சேரவில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளை பேச வேண்டும் என்கிறது. களைப்பு, ஆனாலும் உட்கார்ந்து கேட்கிறாள். கொடியும் இல்லை, தேரும் இல்லை. நீங்கள் கும்பிடப் போன தேவசகாயமும் குடும்பஸ்தர்தானே, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் மேல் வந்த ஆத்திரத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமையில் புனிதராக அறிவித்தார்கள், இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். யார் கையிலிருந்து எதை வாங்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி அவர் கதையில் நடுவிலேயே இருக்கிறது. உங்கள் மகள் அதைத்தான் கேட்டாள், நன்றாகப் படித்திருக்கிறாள். மறைக்கல்வியில் அவளுக்கு யார் எடுத்தார்களோ!

அந்த மன்றாட்டை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் நெஞ்சு நின்றது. இருபது பேர் நடுவில், பெயர் சொல்லாமல், பதில் சொல்லவும் முடியாதபடி ஒருவரைக் குத்தினீர்கள்; அதற்கு அவர் வாயாலேயே ‘கேட்டருளும்’ சொல்ல வைத்தீர்கள். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் வசனத்தை வகுப்பில் எத்தனையோ முறை எடுத்திருப்பீர்கள். உனக்கு யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் என்று அதில் இல்லை. உன் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது. மைனிக்கு உங்கள் மேல் இப்போது இரண்டு இருக்கிறது, மன்றாட்டும் பாட்டிலும்.

ஆகவே போங்கள். கணவரிடம் சொல்லிவிட்டு, ஒரு சாதாரண நாளில், கையில் எதுவும் இல்லாமல் போங்கள். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். நாடகம் ஆகிவிடும், அவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வந்துவிடும். “மைனி, அன்னைக்கு நீங்க பாட்டிலை நீட்டுனதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வாங்கல. செபத்துல உங்களை வச்சுத்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டும் என் தப்பு.” இவ்வளவு போதும். மதிலைப் பேச்சில் எடுக்காதீர்கள். ‘நீங்க மட்டும் அன்னைக்கு’ என்று தொடங்கத் தோன்றும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வார்த்தை உங்களுக்கு எப்படி வலித்தது என்பதையும் ஒருநாள் அவரிடம் சொல்லத்தான் வேண்டும், அது வேறொரு நாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மன்னிப்புக் கேட்டது கடன் கணக்கு ஆகிவிடும். அவர் உள்ளே கூப்பிடலாம், கதவைச் சாத்தலாம், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவும் செய்யலாம். அது உங்கள் கையில் இல்லை. உங்களுக்குள் பாசம் பொங்க வேண்டும் என்றும் காத்திருக்காதீர்கள். கோபம் இருக்கும்போதே காலால் நடந்து போக முடியும்.

நன்மை வாங்குவது பற்றி முடிவு சொல்ல நான் குருவானவர் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். தினமும் போனில் பேசும் ஃபாதரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், தவக்காலத்தில் பக்கத்துப் பங்குகளிலிருந்து குருக்கள் வந்து உட்காருவார்களே, அவர்களில் ஒருவரிடம் போகலாம். யாருக்கும் தெரியாமல் பாடகர் குழுவில் நின்று உங்களுக்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொண்டிருப்பது மட்டும் போதும்.

பொறுப்புகளில் ஒன்றை விடுங்கள், எல்லாவற்றையும் வேண்டாம். எல்லாவற்றையும் எறிந்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால், அதையும் பத்துப் பேர் கவனித்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள், மறுபடியும் நடுவில் நீங்கள்தான். (கோபித்துக்கொள்ளாதீர்கள், பெருமை உண்டு என்று நீங்களே எழுதியதால் சொல்கிறேன்.) என்னைக் கேட்டால் ஏழாம் வகுப்பை வைத்துக்கொண்டு அன்பியப் பொறுப்பை ஒப்படைப்பேன். ஃபாதரிடம் காரணம் விளக்க வேண்டியதில்லை. “ஈஸ்டருக்கு அப்புறம் வேறு ஒருவரைப் போடுங்கள், நோட்டை நான் கொடுத்துவிடுகிறேன்” என்றால் போதும். மூன்று மாதம் அன்பியத்தில் சும்மா வந்து உட்காருகிற ஆளாக இருந்து பாருங்கள், உங்கள் மைனி போல. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. 46 வயதில் மூன்று மணி விழிப்பும் சட்டென்று வரும் எரிச்சலும் மனசு மட்டும் செய்கிற வேலையாக இருக்காது. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், ரத்தம் குறைவாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதைத் தவ முயற்சி என்று தாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கேன் தண்ணீர் பிடித்து இவ்வளவு நாள் ஆகிவிட்டது, இனி குடிக்க வேண்டாம். செடிக்கு ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவி வையுங்கள், அடுத்த ஜனவரியில் வேன் புறப்படும்போது தேவைப்படும்.

அன்புடன்,
ஆலோசகர்