உதைக்காத துவக்கு

தம்பி, உங்கள் கேள்வியை திருகோணமலை உப்புவெளியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். கச்சான் காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போடுகிற காலம் இது. கனடாவில் இருந்திருந்தால் நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். இங்கே நேரம் கிடக்கிறது, அதனால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதானே: நோர்த் பேயில் மர ஆலையில் வேலை, வந்து இரண்டு வருடம், கூட வேலை செய்கிறவர்கள் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், அதில் ஒருவர் ".300 மக்னம் வாங்கு, அதற்குக் கீழே எல்லாம் பொம்மை" என்கிறார். நீங்கள் 58 கிலோ, ஐந்தடி நாலங்குலம், துவக்கைத் தொட்டதே இல்லை, 2006இல் மூதூரை விட்டு ஓடும்போது எட்டு வயது. சுடும்போது தோளில் இடிக்கிற உதை குறைந்த துவக்கு என்று கேட்டால் சிரிப்பார்களா என்று கடைசியில் ஒரு வரி.

சிரிக்கட்டும். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்து நான் வாங்கிய துவக்கின் கதையை முதலில் கேளுங்கள்.

பீற்றர்பரோவில் குடியேறி நாலாவது வருடம். என்னோடு வேலை செய்தவரும் கடைக்காரரும் சேர்ந்து .300 வின்செஸ்டர் மக்னம் என்கிற பெரிய தோட்டாத் துவக்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். காவ சுகம் என்று, தோளில் வைக்கிற பிடங்கைப் பிளாஸ்டிக்கில் செய்த மிக இலேசான துவக்கு. நானும் 60 கிலோதான் அப்போது. சுடு களத்தில் மேசையில் குனிந்து, குறிபார்க்கிற கண்ணாடிக் குழாயான ஸ்கோப்புக்குள் வடிவாகத் தெரியட்டும் என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் விசையை இழுத்தேன். ஸ்கோப்பின் வளையம் வலது புருவத்தில் பிறை போல வெட்டிவிட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கி, இலக்கில் பட்டதா என்று பார்க்கவே முடியவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. போன கிழமை இங்கே முடி வெட்டப் போனபோது, "ஷெல் பட்டதோ அண்ணை?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "இல்லைத் தம்பி, காசு குடுத்து வாங்கினது" என்றேன்.

தழும்போடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து விசையில் விரல் வைத்தாலே உடம்பு இறுகிவிடும். அந்த நவம்பரில் அறுபது மீற்றரில், பக்கவாட்டில் அசையாமல் நின்ற ஆண்மான், கல்லால் எறிந்தாலே படும் என்கிற தூரம், அதைத் தோளுக்குப் பின்னால் சுட வேண்டியவன் வயிற்றில் சுட்டேன். இருட்டும் வரை இரத்தத் துளி பார்த்துக்கொண்டு நடந்தோம். கிடைத்தது அடுத்த நாள் காலையில். அந்த இரவு எப்படிப் போனது என்று எழுத வேண்டாம்.

பிறகுதான் களத்துக்கு வருகிற முதியவர் ஒருவர் ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைத் துவக்கில் ஏற்றி, "சுடு" என்று தந்தார். விசையை இழுத்தேன், "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் குழலின் நுனி அரைச்சாண் கீழே போயிருந்தது, என் கண் இரண்டும் மூடியிருந்தது, தோள் முன்னுக்குப் பாய்ந்திருந்தது. துவக்கு வெடிக்கவில்லை, நான் வெடித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உதை குறைந்த தன் 7 எம்.எம்-08 துவக்கை நீட்டினார்.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், நோர்த் பேயில் பிறந்தவர்கள் சின்ன வயதில் அப்பாவோடு போத்தில் சுட்டு விளையாடி வந்தவர்கள். நமக்கு வெடிச்சத்தம் கேட்டால் குப்புறப் படு என்றுதான் வீட்டில் சொல்லித் தந்தார்கள். உடம்பு மறக்காது. அதனால் உங்களுக்கு முதலில் வேண்டியது நீங்கள் பயப்படாத துவக்கு. மானைக் கொல்லும் பலம் எல்லாவற்றிலும் தாராளமாக இருக்கிறது.

உதை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளத்தில் இருந்து கரைக்குப் பாய்ந்தால் வள்ளம் பின்னுக்குப் போகுமல்லவா, பாய்கிறவன் பாரமானவன் என்றால் கூடப் போகும், வள்ளம் சின்னது என்றாலும் கூடப் போகும். சன்னம் பாய்கிறவன், துவக்கு வள்ளம். சன்னத்தின் எடை, அதன் வேகம், எரிகிற மருந்தின் அளவு, துவக்கின் எடை, இந்த நாலும்தான் கணக்கு. இதை அடி-இறாத்தலில் சொல்வார்கள். இனி வருகிற .243, .308 எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள், அந்தத் தோட்டா போடுகிற துவக்கையும் அதே பெயரில்தான் சொல்வார்கள். மூன்றரைக் கிலோ அளவுத் துவக்கில் .243 ஏறத்தாழ 9 அல்லது 10 வரும். 6.5 கிரீட்மூரும் 7 எம்.எம்-08உம் 12, 13. .308 பதினாறைத் தாண்டும், .30-06 இருபது. உங்கள் நண்பர் சொல்கிற .300 மக்னம் கொஞ்சம் பாரமான துவக்கிலேயே 26க்கு மேல். .243ஐப் போல இரண்டரை மடங்கு. அதை என்னைப் போல இலேசான துவக்கில் வாங்கினால் இன்னும் மோசம்.

.243 வின்செஸ்டர் 1955இல் வந்தது. .308 தோட்டாவின் கோதை, அதாவது மருந்து இருக்கிற பித்தளைக் கூட்டை, எடுத்துக் கழுத்தை ஒடுக்கி, சின்னச் சன்னம் வைத்தார்கள், அவ்வளவுதான். 1980இல் வந்த 7 எம்.எம்-08உம் அதே கோதின் பிள்ளைதான், ஆனால் சன்னம் பெரியது, 140 கிரெய்ன் (சன்னத்தை நிறுக்கிற சின்ன எடை அளவு). .243இல் மானுக்கு 95 அல்லது 100 கிரெய்ன் சன்னம் எடுங்கள், அதாவது ஆறரைக் கிராம் அளவு. பெட்டியில் 55, 58, 75 என்று போட்டிருந்தால் தொடாதீர்கள், அவை நரி, கொயோட்டி போன்ற சின்ன விலங்குகளுக்கு, மானின் தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடும். ".243இல் சுட்டேன், மான் ஓடிவிட்டது" என்று சொல்கிற பாதிப்பேர் இந்தப் பிழை விட்டவர்கள், மீதிப்பேர் என்னைப் போல வயிற்றில் சுட்டவர்கள் என்பது என் கணிப்பு.

6.5 கிரீட்மூர் 2007இல்தான் வந்தது, இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான். காற்று தள்ளுவது குறைவு, தூரத்துக்கு நல்லது என்று புகழ்வார்கள், அது உண்மையும்கூட, ஆனால் ஒன்ராறியோப் பற்றைக்குள் நீங்கள் சுடப்போவது ஐம்பது, எழுபது, மிஞ்சிப்போனால் நூறு மீற்றர். அந்தத் தூரத்தில் மானுக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் தெரியாது. கூடாரத்தில் யாராவது கிழவர் .30-30 லீவர் துவக்கு, அதாவது விசைக்குக் கீழே உள்ள கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற துவக்கு, ஒன்றைக் காட்டி, "இதை எடு, உதையாது" என்பார். 1895ஆம் ஆண்டுத் தோட்டா, இன்றைக்கும் மான் விழும், உதையும் .243ஐ விடச் சற்றுத்தான் கூட. ஆனால் சில பழைய துவக்குகளில் பிடங்கின் அடியில் றப்பர் இல்லை, வெறும் தகடு, அதோடு புதிதாகப் பழகுகிறவருக்கு ஸ்கோப் வைத்த, தாழ்ப்பாள் போல இழுத்து ஏற்றுகிற போல்ட் துவக்கு இலகு.

சரி, எதை வாங்குவது? நான் வைத்திருப்பது 7 எம்.எம்-08, எனக்கு அதுதான் விருப்பம், ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் இராது, கண்ட இடத்தில் நாலைந்து பெட்டியாக வாங்கி வைக்கிறேன். மனைவியுடையது .243. நீங்களும் .243 வாங்குங்கள். மூஸ் என்கிற மிகப் பெரிய மானின் வேட்டைக்கும் ஒரே துவக்கு போதுமா என்று யோசிப்பீர்கள் என்று தெரியும், அங்கே எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கிறது. மூஸ் டாக், அதாவது மூஸ் சுடுவதற்கான அனுமதிச்சீட்டு, 2021இலிருந்து புள்ளி சேர்த்துத்தான் கிடைக்கிறது, புதிதாக வருகிறவர் வரிசையில் பின்னால்தான். அது கிடைக்கிற நேரத்தில் உங்களுக்குத் தோளும் பழகியிருக்கும், கையில் காசும் இருக்கும், அப்போது பார்க்கலாம். முதல் வருடமே இரண்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குவேன் என்று நின்றால் 6.5 கிரீட்மூர், அதற்கு மேலே போகாதீர்கள்.

காலிபரைப் பற்றி, அதாவது தோட்டாவின் அளவைப் பற்றி, இவ்வளவு கதைக்கிறவர்கள் பிடங்கைப் பற்றிக் கதைப்பதில்லை. கடையில் இருக்கும் துவக்குகள் ஆறடி ஆளுக்குச் செய்தவை, பிடங்கின் அடியிலிருந்து விசை வரைக்கும் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். நம்முடைய கைக்கு அது நீளம், தோளின் குழிக்குள் இருக்காது, புயத்து எலும்பில் போய் நிற்கும், அங்கேதான் நோகும். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்குள் பிடங்கை வைத்துப் பாருங்கள், சுட்டுவிரலின் நுனி விசையைத் தொட வேண்டும். கடைக்குப் போகும்போது குளிர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள், வெயில் காலத்தில் ரீசேட்டோடு போய் அளந்தால் நவம்பரில் அந்த ஜக்கெட் ஒரு அங்குலத்தைத் தின்றுவிடும். "யூத்" அல்லது "கொம்பாக்ட்" என்று எழுதிய பிடங்கு கிடைத்தால் வெட்கப்படாமல் எடுங்கள். அடியில் நல்ல தடித்த றப்பர். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி, என் புருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழல் நுனியில் மஸில் பிரேக், அதாவது வெடிவாயுவைப் பக்கவாட்டில் விடுகிற துளைத்துண்டு, பூட்டினால் உதை குறையும் என்று யாராவது சொல்வார்கள். குறையும்தான், ஆனால் சத்தம் பக்கவாட்டில் அறையும். என் அனுபவத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு உதையை விடச் சத்தம்தான் பெரிய பேய். காதுக்குள் நுரை அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் இரண்டும் போட்டுப் பழகுங்கள். முதல் இரண்டு மாதம் .22 என்கிற சின்னத் தோட்டாத் துவக்கில் மட்டும், அதில் ஐந்நூறு வெடி வைத்தாலும் செலவு பெரிதில்லை, தோளுக்கு ஒன்றும் தெரியாது. மானுக்கு .22 ரிம்பயர் ஒன்ராறியோவில் சட்டப்படி கூடாது, பழகுவதற்கு மட்டும்தான். அப்புறம் .243க்கு வரும்போது ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது வெடியோடு நிறுத்துங்கள். தோள் நொந்த பிறகு சுடுகிற ஒவ்வொரு வெடியும் பிழையைத்தான் பழக்கும்.

அனுமதிப் பத்திர விஷயம் சுருக்கமாக. கனடிய துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுக்க வேண்டும், அதன் பிறகு துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திரமான பி.ஏ.எல்லுக்கு விண்ணப்பம். குடியுரிமை தேவையில்லை. முதல் தடவை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, நடைமுறையில் கூட எடுக்கும், ஆகவே இந்த நவம்பருக்கு என்றால் இந்தக் கிழமையே தொடங்குங்கள். விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் கேட்பார்கள், எங்கள் வீட்டில் அதற்குத்தான் அதிக நாள் எடுத்தது. ஒன்ராறியோவின் வேட்டைக் கல்வி வகுப்பு வேறு, வேட்டைக்காரர் வைத்திருக்க வேண்டிய அவுட்டோர்ஸ் கார்ட் வேறு, மான் அனுமதி வேறு. பெண்மானுக்குத் தனி டாக் வேண்டும். துவக்குக் காலத்தில் செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் கட்டாயம். வாகனத்துக்குள் தோட்டா ஏற்றிய துவக்கு கூடவே கூடாது. தெற்கே எங்கள் பக்கம் வந்தால் பல இடங்களில் ரைபிளே விடமாட்டார்கள், ஷாட்கன்தான், ஞாயிற்றுக்கிழமைச் சட்டமும் ஊருக்கு ஊர் மாறும், அந்த வருட வேட்டைச் சட்டச் சுருக்கப் புத்தகத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். நம்மாட்கள் கூடியிருக்கிற ஸ்காபரோவில் யாராவது, "மான் இறைச்சி கிலோ என்ன விலை?" என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். சும்மா கொடுக்கலாம், விற்றால் குற்றம்.

நம்மாட்கள் வேட்டைக்குப் போவது சரியா என்றும் தயங்கி எழுதியிருந்தீர்கள். நேற்று அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசல் தாண்டினால் உங்களுக்குத் தெரியும், புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாக நிற்கும், ஒன்று வந்து அம்மாவின் அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்தை முகர்ந்தது, இன்னொன்று அந்தப் பக்கம் சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. "இதையோடா அங்க சுடுறாய்?" என்றா அம்மா. இது இல்லை, அங்கே வேறு சாதி, வால் வெள்ளை, காட்டில் பெருகிக் கிடக்கிறது, அரசாங்கமே எண்ணிப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறது, இங்கே சுட்டால் மறியல், அங்கே சட்டம் என்றெல்லாம் விளக்கினேன். பழத்தை உரித்து மானுக்குக் கொடுத்துவிட்டு, "அப்ப நோகாமச் சுடு" என்றா. அவவுக்கு .243 பற்றி ஒன்றும் தெரியாது, வயிற்றில் சுட்ட கதையையும் நான் சொல்லியிருக்கவில்லை.

செப்டம்பர் முதல் கிழமை திரும்பி வந்துவிடுவேன். நோர்த் பேயிலிருந்து பீற்றர்பரோவுக்கு மூன்று, மூன்றரை மணித்தியாலம், ஒரு சனிக்கிழமை வாருங்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், பத்திரம் உள்ளவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் சுடலாம். மனைவியின் .243இல் பத்து, என்னுடையதில் ஐந்து வைத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு கடைக்குப் போங்கள். அந்த .300 நண்பரையும் அவருடைய துவக்கோடு கூட்டி வாருங்கள். என்னிடம் போலித் தோட்டா இரண்டு இருக்கிறது.