சார் பெயரில் ஒரு உதவித்தொகை: சில கேள்விகள், பதில்கள்

எங்கள் துறைத்தலைவராக இருந்த பேராசிரியர் காலமாகிவிட்டார். பழைய மாணவர்கள் சேர்ந்து 4 லட்சம் வரை திரட்டியிருக்கிறோம். தனி டிரஸ்ட் பதிவு செய்வதா, கல்லூரியிலேயே கொடுத்துவிடுவதா?
– பாளையங்கோட்டை வாசகர்

கல்லூரியிலேயே கொடுங்கள். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், தனி பான், தனி வங்கிக் கணக்கு, வரிவிலக்குப் பதிவு, அதைக் காலாகாலத்தில் புதுப்பிப்பது, வருஷா வருஷம் ரிட்டர்ன், ஆடிட்டர் கட்டணம் என்று வேலை நீளும். 4 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 28,000 ரூபாய்தான் வரும். அதில் ஆடிட்டருக்குக் கொடுத்தது போக மாணவருக்கு என்ன மிஞ்சும்? 20, 25 லட்சம் சேர்ந்து, பத்து வருஷம் அலைய ஆளும் இருந்தால் மட்டும் தனி டிரஸ்டை யோசியுங்கள்.

ஆனால் கல்லூரியில் செக்கை நீட்டி போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இப்படித் தொலைந்த நினைவு நிதிகள் நிறைய. பணம் பொதுக்கணக்கில் கலந்துவிடும், முதல்வர் ஓய்வு பெறுவார், ஃபைல் எங்கே என்று அடுத்தவருக்குத் தெரியாது. செக் கல்லூரியின் பெயரில் இருக்கட்டும்; துறையின் பெயரிலோ பேராசிரியர் ஒருவர் பெயரிலோ வேண்டாம். பணம் கைமாறும் முன்பே ஒப்பந்தக் கடிதத்தில் செயலரும் முதல்வரும் கையெழுத்திட வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அசலைத் தொடக்கூடாது, தனி வைப்பாகவே இருக்க வேண்டும், வைப்பு ரசீதின் நகலும் அந்த ஆண்டு பயன்பெற்றவரின் பெயரும் வருஷந்தோறும் குடும்பத்தாருக்கும் பழைய மாணவர் இருவருக்கும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஃபைல் மேஜைமேல் இருக்கும்.

தற்காலிகமாக இரண்டு நண்பர்கள் பெயரில் எஃப்டி போட்டு வைத்திருக்கிறோம். தவறா?
– வள்ளியூர்

எடுத்துவிடுங்கள். அந்த வட்டி அவர்களுடைய வருமானமாகவே கணக்காகும். வரியும் அவர்கள் தலையில். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாமினி, வாரிசு என்று பேச்சு திரும்பி, சாரின் நினைவு நிதி தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கும்.

பத்திரத்தில் ‘திருநெல்வேலி மாவட்ட ஏழை மாணவர்களுக்கு’ என்று எழுதினால் போதாதா?
– சங்கரன்கோவில்

போதாது என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தபோது சங்கரன்கோவிலும் அதோடு போயிற்று. அதற்கு முன்பு எழுதிய பத்திரத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இன்று உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. திருநெல்வேலிக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரை வைத்து ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று எழுதிய பத்திரங்களும் இருக்கின்றன. அந்தப் பெயரில் ஒரு மாவட்டமே இப்போது இல்லை. மாவட்டத்தை விட்டுவிட்டு, கல்லூரியையும் துறையையும் எழுதுங்கள். ஊர் முக்கியம் என்றால் ஊர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

‘ஏழை’ என்பதற்கும் ரூபாயில் வரம்பு போட வேண்டாம். இன்று நியாயமாகத் தெரியும் தொகை 20 வருஷம் கழித்துச் சிரிப்பாக இருக்கும். தகுதியுள்ள ஆள் கிடைக்காமல் வட்டி சும்மா கிடக்கும். வாசகம் இப்படி இருக்கலாம்: “இக்கல்லூரியில் இயற்பியல் பயிலும், அந்தந்த ஆண்டு அரசு கல்வி உதவித்தொகைக்கான வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்து மாணவர் இருவர். அத்துறை இல்லாமல் போனால் அதற்கு நெருங்கிய அறிவியல் துறை மாணவர்.” இந்த இரண்டாவது வாக்கியத்தை மறக்காதீர்கள். ஆள் சேராமல் பாடப்பிரிவுகள் மூடப்படும் காலம் இது.

நன்கொடையில் பாதியைத் தருகிறவர், தம் சமுதாயப் பிள்ளைகளுக்கு மட்டும் என்கிறார். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம்

குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்தாருக்கோ என்று தொடங்கும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் அந்தத் தடை இல்லை. சட்டத்தைத் தள்ளிவையுங்கள், சார் வருகைப் பதிவேட்டைச் சாதி பார்த்தா வாசித்தார்? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டிரஸ்டாக இருந்தால் அறங்காவலர்களின் நெருங்கிய உறவுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் வரிவிலக்குக்கு வேட்டு வைக்கும்.

துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்புகிறார்கள். வாங்கலாமா?
– மேலப்பாளையம்

இருக்கிற நாட்டைப் பார்க்காதீர்கள், பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. “மச்சான் கணக்கில் போட்டு எடுத்துக்கலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் மீறல்தான். உங்கள் கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால், டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கல்லூரியின் கணக்குக்கு அவர்கள் நேரே அனுப்பலாம்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது கிடைக்குமா?
– பேட்டை

கல்லூரி நிர்வாகத்துக்கு 80ஜி பதிவு இருந்தால் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவருக்கும் இல்லை. லெட்டர்பேடில் தரும் நன்றிக் கடிதம் செல்லாது. வருமான வரித்துறையின் 10பிஇ படிவத்தில் சான்று கேளுங்கள்.

அப்பாவின் நினைவு நாள் ஜனவரியில். அன்று விழா வைத்து 10 பேருக்கு ஆளுக்கு 2,800 ரூபாய் கொடுக்க அவருடைய மாணவர்கள் திட்டமிடுகிறார்கள். சரியாக வருமா?
– அம்பாசமுத்திரம் வாசகி

விழாவை ஜனவரியில் வையுங்கள், பணத்தை ஜூனில் கொடுங்கள். சேர்க்கைக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் எல்லாம் நெருக்குவது அப்போதுதான். ஜனவரியில் வரும் பணம், ஜூனில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டத்தான் உதவும். 2,800 ரூபாயில் யாருடைய படிப்பும் நிலைக்காது. 28,000-இல் இரண்டு பேருக்கு 11,000 வீதம் கொடுத்துவிட்டு 6,000-ஐ அசலோடு சேருங்கள்; கல்லூரியோடு போட்ட கடிதத்திலும் இது இருக்கட்டும். வட்டி முழுவதையும் செலவழித்தால் பத்து வருஷம் கழித்தும் அதே 28,000-தான், கட்டணமோ ஏறியிருக்கும். பொன்னாடை, ஃப்ளெக்ஸ், டிபன் செலவு விழா நடத்துகிறவர்கள் கையிலிருந்து வரட்டும்.

பணத்தை மாணவர் கணக்குக்கே அனுப்புங்கள். இங்கேதான் ஒரு சிக்கல். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பாண்டியன் கிராம வங்கி பாஸ்புக்கின் நகலைப் பிள்ளைகள் கொடுப்பார்கள். அந்த வங்கி 2019-இல் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பாஸ்புக்கில் உள்ள பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணுக்கு அனுப்பினால் பணம் போய்ச் சேராது. இரண்டு வருஷம் வரவுசெலவு இல்லாத கணக்கும் முடங்கிக் கிடக்கும். மே மாதமே பாஸ்புக்கில் புதிதாக வரவு வைத்த பக்கத்தை வாங்கிப் பாருங்கள். முதலில் 1 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அந்தப் பிள்ளையிடமே போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.