எண்ணுவது அண்ணன், தாழிடுவது தம்பி

கேள்வி: வேல்ஸ் நாட்டின் போவிஸ் பகுதியில் வீடுவீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் செவிலியர் நான். மலைப்பண்ணை ஒன்றில் 79 வயது இரட்டையர் இருவர் ஆடு வளர்க்கின்றனர். மணமாகாதவர்கள்; ஈருடல் ஓருயிர். மூத்தவருக்கு மறதிநோய் முற்றிவருகிறது. குளிர்காலத்துக்கு முன் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர்களுடைய தங்கை மகள். "அப்படியானால் என்னையும் அனுப்புங்கள்" என்கிறார் இளையவர். நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: அன்புச் சகோதரி, யாரும் அடையாளம் காணாதபடி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன், ஆனால் ஓரிடத்தை விட மனமில்லை. மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாட்களில் பட்டி வாசலில் நின்று மூத்தவர் எண்ணுகிறார். இளையவரும் மனத்துக்குள் எண்ணி முடித்துவிடுகிறார். எனினும் அண்ணன் வாய்திறந்து எண்ணிக்கையைச் சொல்லும் வரை அவர் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. இன்று என்ன கிழமை என்பதையே மறந்துவிட்டவரை அந்த வீட்டின் மூத்தவராக இன்றும் வைத்திருப்பது அந்தக் காத்திருப்புதான்.

வெல்ஷ் மொழியில் 'கனெவின்' என்றொரு சொல் உண்டு. வேலியில்லாத மலைச்சரிவில் தன் மேய்ச்சல் எல்லை எதுவென்று மந்தைக்குத் தெரிந்திருக்கும். தாயுடன் மேயும் குட்டி அதைக் கற்றுக்கொள்ளும். அந்த இடத்துக்குத்தான் அப்பெயர். 2001இல் கோமாரி நோயின்போது வேல்ஸின் பிரெக்கன் மலைகளில் இத்தகைய மந்தைகள் கொல்லப்பட்டபோது விவசாயிகள் அத்தனை கலங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியிலிருந்து வாங்கிவரும் ஆடுகளுக்கு அந்த எல்லை தெரியாது. மூத்தவருக்கு அந்த வாசலும் தம்பியும்தான் கனெவின். ஆகவே அவரைத் தனியே பிரித்தனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் 'ஈருடல் ஓருயிர்' என்ற உங்கள் சொல்லை, செவிலியராகிய நீங்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. உயிர் இரண்டு, சோர்வும் இரண்டு. இரவில் அண்ணனைத் தூக்கி உட்காரவைப்பவருக்கும் 79 வயதுதான். அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்பதை, அண்ணன் அருகில் இல்லாத வேளையில், கொட்டகையில் அவர் வைக்கோல் அள்ளும்போது கேளுங்கள். எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் சொல்லமாட்டார்.

2016 முதல் வேல்ஸில் நடைமுறையில் உள்ள 2014ஆம் ஆண்டுச் சமூகப் பணிகள் மற்றும் நல்வாழ்வுச் சட்டத்தின்படி, பராமரிப்பு தேவைப்படுபவருக்கு மட்டுமன்றி, அவரைப் பராமரிக்கும் உறவினருக்கும் என்னென்ன உதவி தேவை என்ற மதிப்பீட்டைப் பெறும் உரிமை உண்டு. உள்ளாட்சி மன்றத்திடம் இருவர் பெயரிலும் கேட்கச் சொல்லுங்கள். மூத்தவரால் தாமாக முடிவெடுக்க இயலாத நிலை வந்தாலும், அவர் பெயரில் முடிவெடுப்போர் அவருடைய விருப்பத்தைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம்.

தங்கை மகளைப் பகையாக எண்ணாதீர்கள். பனி விழுந்து பாதை அடைபட்டால் யார் வருவார் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. இலையுதிர் காலத்தில் ஆடுகளை இறக்கும் நாளில் அவரையும் பட்டி வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூத்தவர் எண்ணிக்கையைச் சொல்லும் வரை அவரும் நின்று பார்க்கட்டும். குளிர்காலத்தைப் பற்றிய பேச்சை அதன் பிறகு, நால்வருமாக, அந்த வீட்டு அடுப்பங்கரையில் தொடங்குங்கள்.